அடுத்தவள் பங்கு மாத்திரைகள்

பிறப்பதற்கு முன்பே நான் நூற்று எழுபத்திரண்டு மாத்திரைகள் சாப்பிட்டவன். அதில் ஒன்றுகூட எனக்கென்று கொடுத்தது இல்லை. எல்லாம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையற்காரம்மாவின் பங்கு. அவரை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். ரத்த சொந்தம் கிடையாது. என் அம்மா அவரை அக்கா என்று அழைத்ததால் வந்த உறவு. இந்த மாத்திரைக் கதை எனக்குத் தெரியவந்தது போன மாதம், என் இருபத்திரண்டாவது வயதில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது. அம்மா ஒரு சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை அந்த ஒரே சட்டையைத்தான் பிழிந்தாள். அது என் சட்டை, பித்தான் இரண்டு போய்விட்டது.

அம்மாவுக்கு எங்கள் பகுதியில் மாத்திரை அக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். அவள் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியின் பின்புறம் நான்கு அறை, அதில் ஒன்று சாமான் அறை. கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து, பிறக்கிற பிள்ளைகள் வளர வளர அவர்களை அளந்து பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. தாய்க்குச் சத்துக் குறைந்தால், வயிற்றில் இருக்கும் பிள்ளையின் உடம்பு கிடைத்ததை வைத்துச் சிக்கனமாக வாழப் பழகிவிடுமாம். பிறகு வெளியே வந்து வயிறாரச் சாப்பிடும்போது அந்தச் சிக்கன உடம்புக்குச் சமாளிக்கத் தெரியாமல், இடுப்புப் பெருத்து, சர்க்கரை ஏறி, அறுபதில் வரவேண்டியது இருபதிலேயே வரக்கூடுமாம். நிஜமாகவே அப்படித்தானா, மாத்திரை கொடுத்தால் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நிலையத்துப் பெரிய டாக்டர் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு கேள்வியோடுதான் குடித்தனம் நடத்துகிறார்.

மாத்திரையில் இரண்டு வகை. ஒன்றில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும். இன்னொன்றில் அவற்றோடு துத்தநாகம், அயோடின், பி12 என்று பதின்மூன்று கூடுதல். இரண்டுக்கும் ஒரே பழுப்பு நிறம், ஒரே நீளம், ஒரே துருநாற்றம். எந்தப் புட்டியில் எது என்று வாங்குகிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிறவளுக்கும் தெரியாது. புட்டியில் எண் மட்டும் இருக்கும்.

அம்மா ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு வீடு ஏறி இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. கர்ப்பிணி கண்ணெதிரே விழுங்க வேண்டும். விழுங்கினால் அட்டையில் அன்றைய கட்டத்தில் ஒரு டிக், வாந்தி எடுத்தால் வட்டம், மறுத்தால் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் புட்டியில் மிச்சமிருப்பதை எண்ணி அட்டையோடு ஒத்துப்பார்ப்பார்கள். யாருடைய பகுதி நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போகிறதோ, அவளுக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. கூட வேலை பார்த்த ஒருத்தி மறுத்தவர்களின் மாத்திரைகளைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு டிக் போட்டாள். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தொட்டியின் அடியிலிருந்து பழுப்பாக ஒழுகியது. மேற்பார்வையாளர் அதில் விரலைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். அன்றோடு அவள் கதை முடிந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. பணியாளர் யாராவது கர்ப்பமானால் உடனே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். கர்ப்பிணிகளை ஓகோவென்று தாங்குகிற நிலையத்தில் இப்படி ஒரு விதி! பிரசவம் ஆகிப் பிள்ளைக்கு ஒரு வயதான பிறகு இடம் இருந்தால் திரும்ப வரலாமாம். அப்பா அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். நான் வயிற்றில் வந்ததும் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனால் பதிவேட்டில் பெயர் ஏறும், பதிவேடு மறுநாள் நிலையத்துக்கு வரும். ஆகவே முப்பத்திரண்டு கர்ப்பிணிகளுக்குத் தினமும் சத்து மாத்திரை கொடுத்த என் அம்மாவுக்குச் சத்து மாத்திரை கொடுக்க ஒரு நாதி இல்லை.

இந்த நிலைமையில்தான் பெரியம்மா மூன்றாம் நாள் கையை விரித்தார். முதல் இரண்டு நாள் ஒழுங்காக விழுங்கியவர், மூன்றாம் நாள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டார்.

"எனக்கு வேணாம். எங்கக்கா பிரசவத்துல போனது உனக்குத் தெரியுமில்ல? பிள்ளை பெருசா இருந்து வெளிய வரமுடியாம மாட்டிக்கிச்சு. சத்து மாத்திரை தின்னா பிள்ளை கொழுத்துடும்னு எல்லாரும் சொல்றாங்க."

"அப்படியெல்லாம் ஆகாதுக்கா. இது கொழுக்க வைக்கிற மருந்தில்ல."

"நீ பெத்திருக்கியா?"

அம்மாவிடம் பதில் இருந்தது. இரண்டு மாதப் பதில். ஆனால் வெளியே சொல்ல முடியாது.

"எனக்குச் சின்னதா ஒரு பிள்ளை போதும். உசுரோட வந்தா போதும். நீ உன் அட்டையில பெருக்கல் போட்டுக்கோ."

அந்த மாதம் அம்மாவின் பகுதி சரியாக எண்பதில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மூன்று பெருக்கல் குறி விழுந்தால் வேலை போய்விடும். அம்மா அதைச் சொல்லவில்லை. அப்படியே கதவோரம் உட்கார்ந்து அழுதாளாம். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, இதுக்குப் போய் அழுவாங்களா? டிக் போட்டுக்கோ. நான் முழுங்கினேன்னு யார் கேட்டாலும் சொல்றேன். போதுமா?"

"மாத்திரைய எண்ணுவாங்களேக்கா."

"எங்கயாவது போட்டுடு."

எங்கே போடுவது? பூந்தொட்டிக்காரி கதை அம்மாவின் கண்முன் இருந்தது. சாக்கடையில் போட்டாலும் பழுப்புத் தெரியும். பையில் வைத்துக்கொண்டு வந்தால் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டு பெரியம்மாவின் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பெரியம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு அம்மாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தையற்காரிக்கு உடம்பின் அளவு மாறினால் தெரியாதா என்ன?

"எத்தனை மாசம்டி?" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் ஒரே பொய்க்குள் குடியேறினார்கள். தினமும் பத்தரை மணிக்கு அம்மா போவாள், விழுங்குவாள், டிக் போடுவாள். வேலியே பயிரை மேய்ந்தது. நிலையத்தில் கொடுத்த முழங்கால்வரைத் தொங்கும் மேலங்கியைப் பெரியம்மாவே பக்கவாட்டில் பிரித்து, உள்ளே துணி கொடுத்து, வெளியே தெரியாதபடி தைத்துக்கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நல்ல தையற்காரி இருந்தால் முடியும் போலிருக்கிறது. எட்டு மாதம்வரை, பெரியம்மாவுக்குப் பிரசவம் ஆகும்வரை மறைத்திருக்கிறார்கள். பிறகு அம்மா தானாகவே வேலையிலிருந்து நின்று, எனக்கு ஒரு வயதானதும் திரும்பச் சேர்ந்துகொண்டாள்.

இதுவரை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அப்ப நான் திருட்டு மாத்திரையில வளர்ந்தவனா?" என்று கேலிகூடச் செய்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"முதல் நாள் பயத்துல முழுங்கினேன்டா. ஒரு வாரம் கழிச்சு ஆசையில முழுங்கினேன். உனக்குப் போய்ச் சேருதுன்னு ஆசை. ஆறாம் மாசம் அக்கா ஒரு நாள் கைய நீட்டினாங்க. 'வயிறு சின்னதா இருக்குன்னு நர்ஸ் சொல்றாங்க, இன்னையிலேர்ந்து நானே போட்டுக்கட்டுமா'ன்னு கேட்டாங்க."

"கொடுத்தியா?"

"கொடுக்கல."

சட்டையிலிருந்து சொட்டு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"'இவ்வளவு நாள் இல்லாம இனிமே எதுக்குக்கா, பயமா இருக்குன்னீங்களே'ன்னு சொல்லிட்டு நானே வாயில போட்டுக்கிட்டேன். அவங்க என் பேச்ச நம்பினாங்க. எனக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு நம்பினாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அவள் கொடுத்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது, கொடுக்காததால் எனக்குக் கிடைத்தது. இதில் அவளைத் திட்ட எனக்கு வாய் ஏது? வாளியைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுக் கீழே போனேன்.

பெரியம்மாவுக்குப் பெண் பிறந்தது, இரண்டு கிலோ நூறு கிராம். அவர் விரும்பியபடியே சின்னதாக, சுலபமாக. மூன்று வாரம் கழித்து நான், மூன்று கிலோ முந்நூறு. அந்த மூன்று வாரத்தை வைத்துக்கொண்டு அவள் என்னிடம் அக்கா ஸ்தானம் வாங்கிவிட்டாள். நானும் அவளை மூணு வார அக்கா என்றே கூப்பிடுவேன். பள்ளியில் என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "பெரியவங்க கேட்டா கொடுக்கணும்" என்பாள்.

எங்களுக்கு இரண்டு வயதானபோது ரகசிய எண்களின் பட்டியலைத் திறந்து, யார் எந்த மாத்திரை சாப்பிட்டார்கள் என்று நிலையத்தில் வாசித்தார்கள். பெரியம்மாவின் புட்டி பதின்மூன்று சத்து வகை. அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். அதே கூட்டத்தில்தான் அவளுக்குப் பரிசும் கொடுத்தார்கள். நூற்று எழுபத்து நான்கு நாளில் ஒரு வட்டம்கூட, ஒரு பெருக்கல்கூட இல்லாத அட்டை அந்த ஆராய்ச்சியிலேயே ஒன்றுதான் இருந்தது. அது பெரியம்மாவின் அட்டை. பெயரை மறைத்து, சட்டம் போட்டு, பயிற்சி அறையில் மாட்டினார்கள். புதிதாகச் சேருகிற பெண்களை வரிசையாக நிறுத்தி, "வேலைன்னா இப்படிச் செய்யணும்" என்று காட்டினார்கள். அம்மாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. வலிக்கிறது என்று கத்தவும் முடியாது.

வேலையை விட்டுவிட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். எப்படி விடுவாள்? அப்பா லாரியோடு போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு அந்த வேலைதான் சோறு. தவிர, அவளுக்கு மூணு வார அக்காவைத் தன் கையாலேயே அளந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வயதில், ஒன்பதில், பதினாறில் என்று அந்த இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தவள் அம்மாதான். ஒவ்வொரு தடவையும் எண் இருக்க வேண்டியதைவிட மேலேதான் இருந்தது. சாப்பாட்டைக் குறை, நடந்து போ என்று எல்லாருக்கும் சொல்வதையே அவளிடமும் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நாடாவைச் சுருட்டுவாளாம். வீட்டுக்கு வந்தால் நான் இருப்பேன். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாமல், குச்சியாக, காய்ச்சல்கூட வராமல். ஊரார், "மாத்திரை அக்கா பையன்னா சும்மாவா?" என்று கேலி செய்வார்கள். அம்மா அந்தக் கேலிக்கு ஒரு நாளும் சிரித்தது கிடையாது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

அம்மா ஏன் இத்தனை வருஷம் மூடிவைத்துவிட்டு இப்போது வாயைத் திறந்தாள் என்றால், காரணம் மூணு வார அக்காவின் வயிறு.

அவளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வயரிங் வேலை செய்கிறவர், ஊர் ஊராக அலைகிறார். அதனால் மாசமானதும் அவள் பெரியம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். ஐந்தாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது. நிலையத்தில் இப்போது பிள்ளைகளின் பிள்ளைகளையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரிய டாக்டர் அவளுக்கு ஊசி, உணவுப் பட்டியல், சத்து மாத்திரை எல்லாம் எழுதினார். எழுதியதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு பயிற்சி அறைக்கு அழைத்துப்போனார்.

"இது யாரோட அட்டை தெரியுமாம்மா? உங்க அம்மாவோடது. ஒரு நாள்கூட விட்டதில்ல."

அவள் அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தாளாம். அம்மா கதவருகே இடுப்பு நாடாவோடு நின்றிருந்தாள்.

"இவ்வளவு ஒழுங்கா முழுங்கின அம்மாவுக்குப் பிறந்த எனக்கு ஏன் டாக்டர் இருபத்திரண்டு வயசுல சர்க்கரை?"

"அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேர்த்து வச்சுத்தான் சொல்ல முடியும்."

"அப்ப தப்பு என்னோடது. என் வாய்தான்" என்றாள் அவள். மாத்திரைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று முதல் மாத்திரையைத் தொடவில்லை. சாப்பாட்டையும் பாதிக்குப் பாதி வெட்டினாள். பட்டியலில் ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்று இருந்தது. இவள் இரண்டு வேளைதான் சாப்பிட்டாள். பெரியம்மா கெஞ்சினால், "நீ நூத்தி எழுபத்தி நாலு முழுங்கி என்னாச்சு? என்னைப் பாரு" என்று தன் இடுப்பைக் காட்டுவாளாம். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாள். எடை போட்டவள் என் அம்மா. ஆறாம் மாதத்தில் கூட வேண்டிய எடை குறைந்தால் உள்ளே இருப்பதற்கு என்ன போய்ச் சேரும் என்று அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தன் பொய் இன்னொரு வயிற்றுக்குள்ளும் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் அம்மா கண்டாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தவள், மறுநாள் மாடியில் என்னிடம் துப்பினாள்.

அதற்கு அடுத்த நாள் பெரியம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசினாள். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். "என்ன வேணா சொல்லு, அதை மட்டும் சொல்லாதடி. உனக்கு ஒண்ணுமில்ல, நீ வீட்டுக்குப் போயிடுவ. நான் அவ மூஞ்சியில முழிக்கணும். எனக்கிருக்கிறது அவ ஒருத்திதான்." அம்மா திரும்பி வந்துவிட்டாள். அவளால் மூன்று நாள்தான் தாங்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வண்டியை எடுக்கச் சொன்னாள்.

பெரியம்மா வீட்டு முன்னறையில் இரண்டு இயந்திரமும் ஒரு வெட்டு மேசையும் போக மனிதர் உட்கார இரண்டு முக்காலிக்குத்தான் இடம். மூணு வார அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து பித்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "டேய் குச்சி, வாடா" என்றாள். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாம் மாதம் நீட்டிய கையில் மாத்திரை கொடுக்காததையும் சேர்த்து. எந்த இடத்திலும் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுவிட்டு அவள் தாயின் பக்கம் திரும்பினாள். "ஆமாவாம்மா?"

பெரியம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் காதுக்குள் போகவில்லை.

"இல்ல" என்றார். "நான் தினமும் முழுங்கினேன். அவ என்னமோ சொல்றா."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், யார் கேட்டாலும் சொல்கிறேன் என்று பெரியம்மா கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றிவிட்டார்.

"நான் மாத்திரை முழுங்கணும்கிறதுக்காக இப்படி ஒரு கதையா?" என்றாள் மூணு வார அக்கா. "உங்க ஆபீஸ்ல என் பேர்ல பெருக்கல் விழுந்தா உங்களுக்கு மார்க் குறையுமா, சித்தி? அட்டை இருக்கு. டாக்டர் காட்டினாரு. அட்டை பொய் சொல்லுமா, நீங்க பொய் சொல்றீங்களா? கிளம்புங்க."

திரும்பி வரும்போது அம்மா வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியிலேயே அவள் நிலைமை தெரிந்தது. பொய்யை ஊர் முழுக்க நம்புகிறது, உண்மைக்கு ஒரு சாட்சி இல்லை. பெரியம்மாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா, "அவங்கள ஒண்ணும் சொல்லாத" என்றாள், நான் வாயே திறக்காதபோது.

திங்கட்கிழமை அம்மா இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

"பேச்சாச் சொன்னா நான் கேக்காத மாதிரி இருந்துடுவேன். ஆயிரத்து இருநூறு அட்டையில ஒண்ணு, சராசரி ஒண்ணும் மாறாது. எழுத்துல கொடுத்தா மேல அனுப்பியாகணும். உங்களுக்குப் பென்ஷனுக்கு இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு. யோசிச்சுக்குங்க."

"எழுத்துலதான் வேணும் டாக்டர். அந்தப் பொண்ணு அட்டையத்தான் நம்புது. அட்டை பொய்னு உங்க முத்திரையோட ஒரு தாள் வேணும்."

முத்திரை விழுந்தது. வேலையும் போனது. மேலங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு வரச்சொன்னார்கள். அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்து நகலை என் கையில் கொடுத்தாள். "நான் போனா வாசல்லயே நிறுத்திடுவா. நீ கொண்டுபோ."

நான் செவ்வாய்க்கிழமை காலையில், வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் போனேன். விரதம் இல்லை; இறங்கவில்லை. பெரியம்மாதான் கதவைத் திறந்தார். தாளை வாங்கி, வெட்டு மேசைமேல் வைத்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். அடியிலிருந்த முத்திரையை இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

"வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

"ஆமா பெரியம்மா."

"அவ என்னைப் பத்தி இதுல ஒண்ணும் தப்பா எழுதலையே. எல்லாத்தையும் தான் செஞ்சதாவே எழுதியிருக்கா."

"நீங்க பொய் சொன்னதையும் அம்மா வேணும்னேதான் எழுதல."

பெரியம்மா தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். என்னையும் வரச்சொல்லிக் கையை அசைத்தார். மூணு வார அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாத்திரைதான் முழுங்கினேன். மிச்சம் எல்லாம் அவதான். எனக்குப் பயம். என் அக்கா செத்த மாதிரி நானும் செத்துடுவேன்னு பயம். உன்னை நினைக்கல. என்னைத்தான் நினைச்சேன். முந்தாநாள் சொன்னது பொய்."

அவள் தாளைப் படித்தாள். தாயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், காலிலிருந்து தலைவரை, நிதானமாக. நான் எங்கே ஒளிவது? உடம்பைக் கழற்றியா வைக்க முடியும்?

"உன் சர்க்கரை எவ்வளவு?"

"எடுத்ததில்ல."

"கையை நீட்டு."

நீட்டினேன். புது ஊசி மாற்றிக் குத்தினாள், வேண்டுமென்றே கொஞ்சம் ஆழமாக. ஒரு சொட்டு ரத்தம் கருவியில் செருகிய பட்டையில் ஏறியது. கருவி யோசிக்க ஐந்து நொடி எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து நொடியில் நான் பட்ட பாடு என் ஜென்ம விரோதிக்கும் வேண்டாம். எனக்கும் சர்க்கரை இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்துவிட்டால் நான் எதையும் பிடுங்கித் தின்றவன் இல்லை. ஆனால் இருந்துவிட்டால் இவள் மாத்திரையைத் தொடமாட்டாள். எந்த எண் வந்தாலும் என்னால் அந்த அறையைவிட்டுத் தலைநிமிர்ந்து போக முடியாது.

எண்பத்தாறு.

ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றுதான் பெரிய டாக்டர் சொல்வார். ஆயிரம் பேரைச் சேர்த்து வைத்தாலும் அவருக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த எண்ணை அது தானாக அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பெரிய டாக்டர் யார் மூலமாகவோ திரும்ப அனுப்பிவைத்திருக்கிறார். ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அழுதபடியே குடித்ததால் புரையேறியது. பெரியம்மா தலையில் தட்டப் போனார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். பெரியம்மா தள்ளிய கையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான் கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. நான் மன்னிக்கல. மாத்திரை மட்டும்தான் முழுங்கினேன்."

வீட்டுக்கு வந்து ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அம்மா சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"மாத்திரை மட்டும் போதும்டா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.